நூறு விக்கெட் வீழ்த்திய பிள்ளை

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் கொழும்பு மாநகரின் கல்லூரிகளில் மாணாக்கரை வகுப்பறையில் இருத்திவைப்பது ஆசிரியர்க்கு எளிதான காரியமன்று. கொடி கட்டிய வாகனங்கள் தெருவெங்கும் ஓடும். பப்பரே வாத்தியம் முழங்கும். 1880 ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் றோயல்–தோமியன் ஆட்டத்தைக் காணப் பேரன்மாரோடு பாட்டன்மாரும் புறப்படுவர். வடக்கிலோ, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் சென். ஜோன்ஸ் கல்லூரியும் 1904 முதல் பொருதிவரும் 'வடக்கின் பெரும்போர்' ஊரையே மைதானத்துக்கு இழுத்துவிடும். இந்த ஆரவாரமெல்லாம் அடங்கிய பின்னர்ப் பத்திரிகைகளில் ஒரு கணக்கு வெளியாகும். இன்ன கல்லூரி மாணவன் இப்பருவத்தில் ஆயிரம் ஓட்டங்கள் குவித்தான். இன்னவன் நூறு விக்கெட்டுகளை வீழ்த்தினான் என்பது அக்கணக்கு. அதனைப் படித்துவிட்டு உலகம் மறந்துவிடும். ஆனால் அந்தப் பிள்ளைகளின் வீடுகளில் மட்டும் அன்றுதான் ஒரு கவலை ஆரம்பமாகும்.

அத்தகைய வீடு ஒன்றிலிருந்து நமக்கு ஒரு கடிதம் வந்துள்ளது. எழுதியவர் கொலன்னாவையில் வாழும் தாயார் ஒருவர். மகனுக்குப் பதினேழு வயது. மணிக்கட்டைச் சுழற்றிப் பந்து வீசுகிறான். இவ்வருடம் எழுபதுக்கு மேற்பட்ட விக்கெட்டுகளை எடுத்திருக்கிறான். கழகமொன்றைச் சார்ந்த ஒருவர் வீடு தேடி வந்து, "தம்பி இனி உயர்தரப் பரீட்சை என்று நேரத்தை வீணாக்க வேண்டாம். இரண்டு வருடம் எங்களோடு பயிற்சி செய்யட்டும், நாட்டுக்காக ஆடுவான்" என்று சொல்லிப் போயிருக்கிறார். தந்தையாருக்குச் சிறிய சம்பளம். பிள்ளைக்குக் கீழே இரண்டு பெண் குழந்தைகள். "ஐயா, இந்த எழுபது விக்கெட்டை நம்பிப் படிப்பை விடலாமா?" என்பது அத்தாயாரின் கேள்வி.

கேள்வி சுருக்கமானது, விடையோ அவ்வாறன்று. ஒரு பாடசாலை வீரன் பெரியோர் ஆட்டத்தில் நிலைப்பானா என்பதை முன்கூட்டி எடைபோடுவது உலகெங்கும் தேர்வாளர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் காரியம். நாமோ பயிற்சியாளரல்லர். கல்லூரியில் பாடம் சொல்லிக்கொண்டு, மாலை வேளைகளில் எல்லைக்கோட்டருகே நின்று பல ஆண்டுகளாகப் பிள்ளைகளின் ஆட்டத்தைப் பார்த்து வருபவர். எனினும் இவ்விஷயத்தில் தெளிவாகத் தெரிந்த சில உண்மைகள் உண்டு. அவற்றை அத்தாயார் மட்டுமன்றி, பிள்ளை வளர்க்கும் ஏனையோரும் அறிந்திருத்தல் நலம்.

தமிழ்ப் பிள்ளை ஒருவனின் வரலாற்றையே முதலில் எடுத்துக்கொள்வோம். கண்டி சென். அன்ரனீஸ் கல்லூரியில் பயின்ற முத்தையா முரளிதரன் தொடக்கத்தில் சுழற்பந்து வீச்சாளரல்லர். மிதவேகப் பந்து வீசியவர். அவருக்குப் பதினான்கு வயதான போது பயிற்சியாளர் சுனில் பெர்னாண்டோ, "வேகத்தை விடு, சுழற்றிப் பார்" என்னும் கருத்துப்பட அறிவுரை கூறினார். அந்தச் சிறுவனின் கணக்குப் புத்தகத்தில் அன்று சுழற்பந்தால் எடுத்த விக்கெட் ஒன்றேனும் இருந்திருக்க நியாயமில்லை. அப்படியாயின் அந்தப் பயிற்சியாளர் கண்டது எதனை? கையைத்தான் கண்டிருக்க வேண்டும். ரப்பரைப் போல் எப்பக்கமும் வளையும் மணிக்கட்டு. பிறவியிலேயே முழுமையாக நீட்ட முடியாத முழங்கை. எத்தகைய தரையிலும் பந்தைத் திருப்பிவிடும் விரல்கள். எண்ணிக்கை வருமுன்னரே திறமையைக் கண்ட கண் அது.

எண்ணிக்கை பின்னர்த் தாராளமாகவே வந்தது. 1990–91 பருவத்தில் நூறுக்கு மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தி, அவ்வாண்டின் சிறந்த பாடசாலைக் கிரிக்கெட் வீரர் என்னும் விருதை அவர் பெற்றார். உடனே 1991 இல் இங்கிலாந்துச் சுற்றுப்பயணத்துக்கும் தெரிவானார். அங்கே நடந்ததுதான் நம் வாசகர் கவனிக்க வேண்டியது. தாம் ஆடிய ஆட்டங்களில் ஒரு விக்கெட்டைக்கூட அவரால் வீழ்த்த முடியவில்லை. பாடசாலையில் நூறு, சீமையில் பூச்சியம்! நூறு என்ற எண்ணை மட்டும் பார்த்தவர் 'மாமேதை' என்று எழுதியிருப்பார். பூச்சியத்தை மட்டும் பார்த்தவரோ 'பாடசாலைப் பையன்களை ஏமாற்றத்தான் இவன் லாயக்கு' என்று கையைக் கழுவியிருப்பார்.

நல்ல வேளையாக, தேர்வாளர்கள் இரண்டாமவரைப் போல் நடந்துகொள்ளவில்லை. 1992 இல் அலன் போடரின் அவுஸ்திரேலிய அணி இங்கு வந்தபோது, பயிற்சி ஆட்டமொன்றில் அவருடைய பந்துவீச்சு மீண்டும் பார்வைக்கு வந்தது. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதம் கெத்தாராம மைதானத்தில் தம் முதலாவது டெஸ்ட் ஆட்டத்தை ஆடினார். கிரேக் மெக்டர்மட் முதல் விக்கெட்டாக அகப்பட்டார். ஆட்டம் முழுவதற்கும் 141 ஓட்டங்கள் கொடுத்து மூன்று விக்கெட்டுகள் என்பது பார்ப்பதற்கு அப்படியொன்றும் பெரிய கணக்கன்று. ஆயினும் டொம் மூடியை வீழ்த்திய பந்து, இலக்குக்கு வெகுதூரம் வெளியே விழுந்து உள்ளே பாய்ந்த விதத்தைக் கண்டவர்கள் அக்கணக்கைப் பொருட்படுத்தவில்லை. 2010 ஜூலையில் காலி மைதானத்தில் ஓய்வு பெற்றபோது 133 டெஸ்ட் ஆட்டங்களில் 800 விக்கெட்டுகள் அவர் வசமிருந்தன. இவ்வரலாற்றைப் பலரும் அறிவர். ஆனால் பெரும்பாலோர் 800 என்பதை நினைவில் வைத்திருக்கிறார்களேயன்றி அந்தப் பூச்சியத்தை மறந்துவிடுகிறார்கள். பெற்றோர்க்குப் பயன்படுவது பின்னதே.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். முரளிதரனின் தந்தையார் கண்டியில் பிஸ்கட் தொழில் நடத்தியவர். மகனுக்குப் பந்து திரும்பாமல் போயிருந்தாலும் வீட்டில் அடுப்பு எரிந்திருக்கும். ஒரே மாதச் சம்பளத்தில் காலந்தள்ளும் குடும்பம், அவரை உதாரணம் காட்டிப் பேசுவோரிடம் இதனையும் நினைவூட்டலாம்.

இனி, எண்ணிக்கை ஏன் ஏமாற்றுகிறது என்பதைப் பார்ப்போம். பாடசாலை அணியொன்றில் முதல் மூன்று நான்கு பேர் நன்றாகத் துடுப்பெடுத்தாடுவர். ஐந்தாமவர்க்குப் பின்னே வருவோரில் பலர் கண்ணை மூடிக்கொண்டு குறுக்கே வீசுபவர்கள். பந்தை உயர எறிந்து நேராக இட்டாலே போதும். அவர்கள் தாமே தம்மை ஆட்டமிழக்கச் செய்துகொள்வார்கள். இத்தகைய விக்கெட்டுகளால் எழுபது நிரம்பியிருக்குமாயின், பெரியோர் ஆட்டத்தில் அந்த எழுபதில் அரைவாசிகூட மிஞ்சாது. கழக ஆட்டத்தில் எட்டாமவராக வருபவன்கூட ஒரு மணி நேரம் பந்தைத் தடுத்துக்கொண்டு நிற்கத் தெரிந்தவன்.

ஆகையால், எத்தனை விக்கெட் என்று கேட்பதை விட்டு, யாருடைய விக்கெட், எவ்வாறு வீழ்ந்தது என்று கேட்க வேண்டும். ஓட்டப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தால் முதல் நான்கு துடுப்பாட்டக்காரரில் எத்தனை பேரை மகன் வீழ்த்தினான் என்பது தெரிந்துவிடும். இது மிக எளிதான சோதனை. ஆனால் செய்வார் இல்லை. அதற்கப்பால் புத்தகம் உதவாது. ஆட்டத்தையே பார்க்க வேண்டும். ஆட்டத்தின் முதல் நாட்காலையில், தரை இன்னும் உடையாதபோது, பந்து திரும்புகிறதா? இருபத்தைந்தாவது ஓவர் வீசும்போதும் கை அதே உயரத்தில் வருகிறதா, களைப்பில் தாழ்கிறதா? இவற்றைவிட முக்கியமானது, ஆறு ஓட்ட அடி இரண்டு தொடர்ந்து விழுந்த பின் பிள்ளை என்ன செய்கிறான் என்பது. பெரும்பாலான சிறுவர்கள் உடனே பந்தைத் தாழ்த்தி வேகமாக எறியத் தொடங்குவர். அது அச்சத்தின் அடையாளம். அடி வாங்கிய பின்னும் அடுத்த பந்தை முன்னையிலும் சற்று உயரமாக, சற்று மெதுவாக மிதக்கவிடுகின்றவன் எவனோ, அவனிடத்தில் ஏதோ இருக்கிறது. நாம் பார்த்த பல நூறு பிள்ளைகளில் இவ்வாறு செய்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

வளர்ச்சி என்பது மற்றொரு பொறி. பதினைந்து வயதில் மீசை அரும்பித் தோள் அகன்ற பையன், தன் வயதொத்த சிறுவர்களிடையே அரக்கனாகத் தோன்றுவான். பதினெட்டில் மற்றவர்களும் வளர்ந்து நிற்பர். அப்போது அவனுடைய மேன்மை கரைந்துபோகும். வேகப்பந்து வீச்சாளர்க்கு இது மிகவும் பொருந்தும். சுழற்பந்து வீச்சாளர்க்குச் சற்றுக் குறைவு. ஆனால் சுழற்பந்து வீச்சாளன் கனிவதற்குக் காலம் அதிகம் பிடிக்கும் என்பதும் அதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. 1985 இல் சஞ்சீவ வீரசிங்க என்னும் சுழற்பந்து வீச்சாளர் பதினேழே வயதில் இந்தியாவுக்கெதிராக டெஸ்ட் ஆட்டத்தில் இறங்கினார். இலங்கைக்காக டெஸ்ட் ஆடியவர்களில் அத்துணை இளையவர் வேறெவருமிலர். அதுவே அவருடைய முதலும் கடைசியுமான டெஸ்ட் ஆட்டமாயிற்று. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், 1982 பெப்ரவரி 17 ஆம் திகதி, இலங்கையின் முதலாவது டெஸ்ட் ஆட்டம் ஆரம்பமான அன்று, ஆனந்தாக் கல்லூரி மாணவராயிருந்த அர்ஜுன ரணதுங்க இங்கிலாந்துக்கு எதிராக 54 ஓட்டங்கள் எடுத்தார். டெஸ்ட் ஆட்டத்தில் இலங்கையர் ஒருவர் கடந்த முதல் அரைச்சதம் அது. பின்னர் 1996 இல் உலகக் கிண்ணத்தை வென்ற அணிக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. இருவரும் பிள்ளைப் பிராயத்திலேயே தேர்வாளரின் கண்ணில் பட்டவர்கள்தாம். ஒருவரை வாசல் உள்ளே விட்டது. மற்றவரைத் திருப்பி அனுப்பிவிட்டது.

ரணதுங்க அன்று ஆடிய பி. சரவணமுத்து மைதானம் கொலன்னாவைக்கு வெகுதூரமில்லை. மேற்கே தெமட்டகொடைப் பக்கம் கடந்து வனாத்தமுல்லையை அடைந்தால் தமிழ் யூனியன் கழகத்தின் அந்த ஓவல் மைதானம் வந்துவிடும். 1948 இல் பிரட்மனின் அவுஸ்திரேலிய அணி இங்கிலாந்து செல்லும் வழியில் இங்கு இறங்கி, மகாதேவன் சதாசிவத்தின் தலைமையிலான இலங்கை அணியோடு ஆடியதும் அங்கேதான். அன்று ஆட்டத்தின் நடுவே பார்த்தால், இருபத்திரண்டு யார் இருக்க வேண்டிய ஆடுகளம் இருபது யார்தான் இருந்ததாம்! எண்களை வேதவாக்காகக் கொள்வோர் அந்த மைதானத்தின் பக்கமாகப் போகும்போது இதனை எண்ணிக்கொள்ளலாம்.

எடைபோடும் கலையில் நம்மைக் காட்டிலும் எத்தனையோ மடங்கு பணமும் கருவியும் செலவிடுவோர் அமெரிக்கர். அவர்களுடைய காற்பந்தாட்டம் நம்முடையதைப் போன்றதன்று. பந்தைக் கையிற் பிடித்து ஓடுவதும் எறிவதுமே அதில் பிரதானம். அதில் குவாட்டர்பேக் என்று ஒருவர் உண்டு. பந்து முதலில் அவர் கைக்கு வரும். மலை போன்ற எதிரிகள் பாய்ந்து வந்து வீழ்த்துமுன், ஏறக்குறைய மூன்று விநாடிக்குள், ஓடிக்கொண்டிருக்கும் தம் தோழர்களில் எவருக்கு எறிவது என்று அவர் முடிவு செய்தாக வேண்டும். பல்கலைக்கழக அணிகளில் ஆடும் இத்தகைய இளைஞர்களைத் தொழில்முறை அணிகள் ஆண்டுதோறும் முறைவைத்துத் தெரிந்தெடுக்கும். 1936 முதல் இவ்வழக்கம் உண்டு. முந்திய பருவத்தில் மிகவும் தோற்ற அணிக்கே முதலில் தெரிவு செய்யும் உரிமை. தெரிவுக்கு முன்னர் இளைஞர்களை ஓரிடத்தில் கூட்டி, உயரம், நிறை, கையின் அகலம், நாற்பது யார் ஓட எடுக்கும் நேரம் என்று சந்தையில் மாட்டைப் பார்ப்பது போல் பார்ப்பார்கள்.

இத்தனைக்கும் பின்னர் நடந்தது என்ன? 1998 இல் முதலாவதாகத் தெரிவான பேட்டன் மேனிங் மாபெரும் வீரரானார். இரண்டாவதாகத் தெரிவான ரயன் லீஃப் சில ஆண்டுகளிலேயே ஆட்டத்தை விட்டுப் போனார். தெரிவுக்கு முன்னர் இருவரில் யார் சிறந்தவர் என்று வல்லுநர்கள் வாதிட்டுக்கொண்டிருந்தனர் என்பது வேடிக்கை. 2000 ஆம் ஆண்டில் மிச்சிகன் பல்கலைக்கழகத்து டொம் பிரேடி நாற்பது யார் ஓட 5.28 விநாடி எடுத்தார், ஆமை வேகம். அவருக்கு முன்னர் ஆறு குவாட்டர்பேக்குகள் தெரிவாகிவிட்டனர். அவர் முறை வந்தது 199 ஆவது இடத்தில். அந்த மனிதர் 2021 பெப்ரவரியில், நாற்பத்து மூன்று வயதில், தம் ஏழாவது சம்பியன் பட்டத்தை வென்றார். அந்த மூன்று விநாடியில் மனம் பதறாமல் இருப்பதை அளக்க எந்த நாடாவும் கடிகாரமும் அவர்களிடம் இருக்கவில்லை. அடி வாங்கிய பின் பந்தை மிதக்கவிடும் சிறுவனைப் பற்றி மேலே நாம் எழுதியதும் இதுவே.

இவ்வமெரிக்க ஏற்பாட்டில் நமக்குப் பிடித்த விதியொன்று உண்டு. பாடசாலைக் கல்வி முடிந்து மூன்று ஆண்டுகள் கழியாத எவரையும் தொழில்முறை அணிகள் தெரிவு செய்தல் ஆகாது. பதினேழு வயதுப் பையனின் வீட்டுக் கதவை அங்கே எந்த அணியும் தட்ட முடியாது. பிரேடியும் தெரிவுக்கு வருமுன் பட்டம் பெற்றுவிட்டவர்தாம்.

நம் நாட்டில் அத்தகைய தடையில்லை. கதவு இப்போது முன்னையிலும் சீக்கிரமாகவே தட்டப்படுகிறது. 2020 இல் லங்கா பிரீமியர் லீக் தொடங்கிய போது, அமெரிக்க முறையையொட்டியே அணிகள் வீரரைத் தெரிந்தெடுத்தன. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் விஜயகாந்த் வியாஸ்காந்த், பத்தொன்பது வயது நிரம்புவதற்கு முதல் நாள், அதில் யாழ்ப்பாண அணிக்காகக் களமிறங்கி அஞ்சலோ மத்தியூஸின் விக்கெட்டை எடுத்தார். 2023 இல் ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்காகவும், 2024 இல் இந்தியாவின் ஐ.பி.எல். போட்டியில் ஹைதராபாத் அணிக்காகவும் ஆடினார். வடக்கிலும் கிழக்கிலும் கொழும்பிலும் மணிக்கட்டைச் சுழற்றும் தமிழ்ச் சிறுவர்களுக்கெல்லாம் அவர் ஒரு விளக்கு. அது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் அவரும் பதினேழு வயதில் தம் கல்லூரிக்காகவே ஆடிக்கொண்டிருந்தார் என்பதை வீடு தேடி வருவோர் சொல்வதில்லை.

கொலன்னாவைத் தாயாருக்கு நம் அபிப்பிராயம் இதுதான். படிப்பை விட வேண்டாம். பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் அணியில் ஆட மகனுக்கு இன்னும் காலமிருக்கிறது. பாடசாலையை விட்டால் அந்த ஆட்டங்களையும் அவன் இழப்பான். அங்கே வீசும் நீண்ட ஓவர்களே அவன் கையைப் பக்குவப்படுத்துபவை. கழகத்தில் வலைப்பயிற்சி செய்யட்டும், மாலையிலும் சனி, ஞாயிறுகளிலும் போகட்டும், தடுக்க வேண்டாம். பெரியவர்களுக்குப் பந்து வீசிப் பார்ப்பதுதான் அவனுடைய எழுபதின் உண்மையான பெறுமதியை அவனுக்கே காட்டும். பயிற்சிக்கு நேரம் கேட்கும் பயிற்சியாளரை நாம் மதிக்கிறோம். பரீட்சையை விட்டுவிடு என்று கேட்பவரை நம்புவதில்லை. பிள்ளை தவறினால் அவர் அடுத்த வருடம் வேறொரு வீட்டுக் கதவைத் தட்டுவார். தாயார் எந்தக் கதவைத் தட்டுவது?

மேலும், விளையாட்டில் விசேட திறமை காட்டியோர்க்கென நம் பல்கலைக்கழகங்களில் தனியான அனுமதி முறையொன்று உண்டு. ஆனால் அதற்கும் உயர்தரப் பரீட்சையில் குறைந்தபட்சத் தகைமையைப் பெற்றிருத்தல் வேண்டும். பரீட்சையை எழுதாதவனுக்கு எழுபது விக்கெட்டும் அங்கே உதவா. விபரங்களைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் அனுமதிக் கைநூலில் பார்த்துக்கொள்ளலாம். கல்லூரி அதிபரிடமும் கேட்கலாம்.

கழகத்தவர் மீண்டும் வருவாராயின், அவரை இருத்தித் தேநீர் கொடுத்து, மூன்று கேள்விகள் கேளுங்கள். என் மகன் வீசும் பந்தில் நீங்கள் கண்டது என்ன? இதே வயதில் உங்கள் கழகத்துக்கு வந்த பிள்ளைகள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? அவர்களில் இருவரின் பெற்றோரோடு நான் பேச முடியுமா? முதற் கேள்விக்கு விக்கெட் எண்ணிக்கையைத் தவிர வேறு விடை அவரிடம் இல்லையென்றால், மற்ற இரண்டையும் கேட்கத் தேவையிராது.